குளிர்காலம் கடந்த மிதவைச் செடிகளைக் குளத்தில் திரும்ப விடுவது எப்போது, எப்படி?

தண்ணீர் உறையும் குளிர் உள்ள இடங்களில் தோட்டக் குளம் வைத்திருப்பவர்கள், முதல் உறைபனிக்கு முன்பே மிதவைச் செடிகளை அள்ளி வீட்டுக்குள் கொண்டுபோய், டப்பிலோ மீன்தொட்டியிலோ விளக்கொளியில் மாதக்கணக்கில் காப்பாற்றி வைப்பார்கள். அப்படிப் பாடுபட்டுக் காத்த செடி, வசந்தத்தில் குளத்தில் விட்ட இரண்டாவது வாரமே கூழாகிப் போவதுண்டு. பார்ப்பவர்கள் பனி என்பார்கள், நோய் என்பார்கள். காரணம் அநேகமாக இரண்டுதான்: தண்ணீர் இன்னும் சூடாகவில்லை, அல்லது வீட்டு வெளிச்சத்தில் வளர்ந்த இலை நேரடி வெயிலில் வெந்துவிட்டது. இரண்டையும் ஒரு தெர்மாமீட்டரும் இரண்டு வாரப் பொறுமையும் தடுத்துவிடும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘ஆகாயத்தாமரை’ என்று தமிழில் இரண்டு செடிகளைச் சொல்கிறோம். இலைக்காம்பு வெங்காயம்போல் உப்பி, ஊதாப் பூ பூப்பது ஒன்று. அதை இங்கே வெங்காயத்தாமரை என்றே குறிப்பிடுகிறோம். முட்டைக்கோஸ் விரிந்ததுபோல் வெல்வெட் இலைகளோடு மிதப்பது மற்றொன்று. அதற்கு மட்டும் ஆகாயத்தாமரை என்ற பெயரை வைத்துக்கொள்கிறோம். இந்த இரண்டுக்கும் குளிர் தாங்கும் அளவு வேறு, அதனால் குளத்துக்குத் திரும்பும் நாளும் வேறு.

விடலாமா என்பதே முதல் கேள்வி

இவை வெப்ப நாடுகளில் ஏரிகளையும் ஆறுகளையும் மூடிய செடிகள். பல நாடுகளில் வளர்ப்பதே குற்றம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வெங்காயத்தாமரை 2016 முதல் தடைப்பட்டியலில் இருக்கிறது. ஆகாயத்தாமரைக்கு 2024 ஆகஸ்டில் தடை நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஆஸ்திரேலியாவில் வெங்காயத்தாமரையும், சால்வினியா என்ற மிதக்கும் பெரணியும் தேசிய அளவில் முக்கியமான களைகளாக அறிவிக்கப்பட்டவை. கடையில் கிடைக்கிறது என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாமல், உங்கள் பகுதியின் விதியைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். அனுமதி இருந்தாலும், மழையில் நிரம்பி வழிந்து ஓடையில் சேரும் குளத்தில் இவற்றை விடக் கூடாது.

காலண்டரைப் பார்க்காதீர்கள், காலைத் தண்ணீரைப் பாருங்கள்

ஒரே ஊரில் இரண்டு குளங்கள் மூன்று வார இடைவெளியில் சூடாகலாம். 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள கறுப்புத் தொட்டி நாலு வெயில் நாளில் சூடேறி, ஒரே குளிர்ந்த இரவில் ஆறிவிடும். ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள மீன்குளம் மெதுவாக ஏறும்; ஏறிய பிறகு எளிதில் இறங்காது. ‘இந்தத் தேதிக்குப் பிறகு விடலாம்’ என்ற அறிவுரை இரண்டுக்கும் பொருந்தாது.

அளக்கும் விதம் முக்கியம். பிற்பகல் மூன்று மணிக்கு மேற்பரப்பில் கை வைத்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அந்தச் சூடு மேலே இரண்டு விரற்கடை அளவுக்கு மட்டுமே. வேர் தொங்கும் ஆழத்தில், அதாவது 15 முதல் 20 சென்டிமீட்டர் கீழே, காலை ஏழு மணி வாக்கில், வெயில் படாத பக்கத்தில் அளந்து பாருங்கள். தெர்மாமீட்டரை நூலில் கட்டி, ஒரு தக்கையில் தொங்கவிட்டால் தினமும் அதே ஆழம் கிடைக்கும். இரவு முழுதும் ஆறியபின் மிச்சமிருக்கும் சூடுதான் செடிக்கு உறுதியான சூடு.

நாங்கள் கடைப்பிடிக்கும் அளவுகள்:

- வெங்காயத்தாமரை: காலைத் தண்ணீர் தொடர்ந்து ஏழு நாள் 18 டிகிரி செல்சியஸ் அல்லது மேல்.
- ஆகாயத்தாமரை: தொடர்ந்து ஏழு நாள் 20 டிகிரி.
- சால்வினியா: வெங்காயத்தாமரையோடு சேர்த்தே விடலாம்.
- எல்லாவற்றுக்கும்: இரவுக் காற்று 10 டிகிரிக்குக் கீழே போகாமல் ஒரு வாரம் கடந்திருக்க வேண்டும். அடுத்த பத்து நாள் முன்னறிவிப்பிலும் அந்த எண்ணுக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது.

காற்றின் எண்ணைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேர் தண்ணீரில் இருந்தாலும் இலை காற்றில்தான் இருக்கிறது. மேகமில்லாத, காற்றசையாத இரவில் இலை தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். வானிலை அறிவிப்பு 3 டிகிரி என்று சொல்லும் இரவில் இலைமேல் உறைபனி படியலாம்.

ஆகாயத்தாமரை ஏன் இரண்டு டிகிரி அதிகம் கேட்கிறது? அதன் வளர்ச்சி 15 டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். வெங்காயத்தாமரை அதற்கும் கீழே கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதன் தடித்த கிழங்குத்தண்டில் சேமிப்பு இருக்கிறது, இலை போனாலும் தண்டு பிழைத்தால் மறுபடி துளிர்க்கும். ஆகாயத்தாமரையின் தண்டு சிறியது. நடுக்குருத்து அழுகினால் அதோடு முடிந்தது.

தெர்மாமீட்டருக்குத் துணையாகக் குளமே ஒரு குறிப்பு தரும். குளத்திலேயே குளிர்காலத்தைக் கழித்த அல்லிக் கிழங்கு புதிய இலைகளை மேலே விரித்து, அவை மேற்பரப்பில் தட்டையாகப் படர்ந்துவிட்டால் காலம் நெருங்கிவிட்டது என்று பொருள். ஆனால் அல்லி இவற்றைவிடக் குளிர் தாங்குவது. முதல் இலையைக் கண்டவுடன் மிதவைச் செடியை இறக்கிவிடாதீர்கள்.

அவசரப்பட வைப்பது பெரும்பாலும் பச்சைத் தண்ணீர்தான். வசந்தத்தில் பாசி முந்திக்கொள்ளும். செடியை விட்டால் சத்தை உறிஞ்சித் தெளியவைக்கும் என்று தோன்றும். குளிர்ந்த தண்ணீரில் வளர்ச்சி நின்ற செடி எதையும் உறிஞ்சாது. இலைகளை உதிர்த்து அழுகி, பாசிக்கே எருவாகும். ஒரு வாரம் தாமதித்தால் நட்டம் எதுவுமில்லை. சூடான தண்ணீரில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் செடி அந்த ஒரு வாரத்தைத் தானே ஈடுகட்டிவிடும்.

மூன்று வாரம் முன்பே: செடியை எழுப்புதல்

குளிர்காலம் முழுதும் ஏனோதானோ என்று உயிர்வாழ்ந்த செடியை அப்படியே தூக்கி வெளியே வைக்கக் கூடாது. முதலில் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இலைகள் சேரும் நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது. கொழகொழத்து நாற்றமடித்தால் யோசிக்காமல் ஒதுக்குங்கள். பக்கத்துச் செடிக்கும் அழுகல் பரவும்.

பழுத்த இலைகளைக் காம்போடு கிள்ளிவிடுங்கள். பழுப்பேறிய வழவழ வேரை 5 முதல் 8 சென்டிமீட்டர் விட்டு நறுக்குங்கள். கூரான கத்தரிக்கோல் போதும். ஓடுதண்டில் தொங்கும் சேய்ச்செடிக்குச் சொந்த வேரும் நான்கு இலைகளும் இருந்தால், இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்டு விட்டுப் பிரித்தெடுக்கலாம்.

இங்கே ஒரு தேர்வு இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் பெரிய தாய்ச்செடிதான் அழகாகத் தெரியும். மனசு அதன்மேல்தான் போகும். ஆனால் வெளியே நன்றாகப் பிழைப்பது 8 முதல் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள சேய்ச்செடிகள். குறைந்த வெளிச்சத்தில் நெருக்கமாக வளர்ந்த வெங்காயத்தாமரையின் காம்பு, வெங்காயம்போல் உப்பாமல் கீரைத்தண்டுபோல் நீண்டுவிடும். காற்றடித்தால் அது கவிழும். அப்படிப்பட்ட தாயை விட்டே ஆகவேண்டுமென்றால் வெளிச்சுற்று நீள இலைகளை வெட்டி, உள்ளே மூன்று நான்கு இலைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்தபின் தண்ணீரை 22 முதல் 24 டிகிரியில் வைத்து, விளக்கைத் தினம் 14 மணி நேரம் எரியவிடுங்கள். திரவ உரத்தைப் பொட்டலத்தில் சொல்லியிருக்கும் அளவில் கால் பங்கு, வாரம் ஒருமுறை கொடுங்கள். பத்து நாளில் நடுவிலிருந்து புதிய இலை வர வேண்டும். புதிய இலை வராத செடியை வெளியே அனுப்பினால் அது திரும்பாது.

கடைசி ஒரு வாரத்தில் ஹீட்டரை இரண்டு நாளைக்கு ஒரு டிகிரி அல்லது ஒன்றரை டிகிரி வீதம் குறைத்து, குளத்தின் காலைச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். உரம் போடுவதையும் அப்போதே நிறுத்திவிடுங்கள்.

பூச்சி பார்க்காமல் வெளியே அனுப்பாதீர்கள்

வீட்டுக்குள் மழையும் இல்லை, பூச்சியைத் தின்னும் பூச்சியும் இல்லை. அதனால் அசுவினி, வெள்ளை ஈ, சிவப்புச் சிலந்தி மூன்றும் இலையடியில் பெருகியிருக்கும். இலையின் அடிப்பக்கத்தையும் நடுக்குருத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

மருந்தடிக்கும் யோசனையே வேண்டாம். பெர்மெத்ரின் போன்ற பைரெத்ராய்டு மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. இலையில் ஒட்டிய சொட்டும் குளத்தில்தான் கரையும். வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, செடியைத் தலைகீழாக முக்கி ஐந்து நிமிடம் மெதுவாக அலசினால் அசுவினி மிதந்து வந்துவிடும். முட்டையும் இளம்பூச்சியும் தப்பியிருக்கும் என்பதால் ஐந்தாறு நாள் கழித்து இன்னொருமுறை அலச வேண்டும். வேருக்குள் ஒளிந்திருக்கும் லெம்னா என்ற குட்டி மிதவைச் செடியையும் அப்போதே விரலால் கோதி எடுங்கள். மிளகளவே இருக்கும் அந்தப் பச்சைப் புள்ளி ஒன்று தப்பினாலும் ஆண்டு முழுதும் வலையால் வாரிக்கொண்டிருப்பீர்கள். அலசிய தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள், குளத்தில் கொட்டாதீர்கள்.

வெயிலுக்குப் பழக்குதல்: பன்னிரண்டு நாள்

நம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும் ஜன்னலோரத்தில் சில ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். உச்சிவெயிலில் அது ஒரு லட்சத்தைத் தொடும். வீட்டு வெளிச்சத்துக்கென்று உருவான மெல்லிய இலையில், இந்தப் பாய்ச்சலைத் தாங்கும் பாதுகாப்பு நிறமிகள் போதிய அளவு இல்லை. முதல் நாளே முழு வெயிலில் வைத்தால் மூன்றாம் நாள் இலை வெளுத்து, ஒரு வாரத்தில் காகிதமாகும்.

20 முதல் 30 லிட்டர் பிடிக்கும் டப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆழம் 15 சென்டிமீட்டராவது இருக்கட்டும். வெள்ளை அல்லது வெளிர்நிற டப் நல்லது. கறுப்பு டப்பில் ஆழமில்லாத தண்ணீர் பிற்பகலில் 35 டிகிரியைத் தாண்டி வேரை வேகவைத்துவிடும்.

தண்ணீரில் பாதி வீட்டுத் தொட்டியிலிருந்து, பாதி குளத்திலிருந்து எடுங்கள். குழாய்த் தண்ணீர் சேர்ப்பதாக இருந்தால் குளோரின் நீக்கியைப் பயன்படுத்துங்கள்; சில ஊர்களில் குளோரமைன் கலப்பார்கள், அது ஒருநாள் திறந்து வைத்தாலும் போகாது.

1 முதல் 3ஆம் நாள் வரை: பகலில் முழு நிழல், இரவு உள்ளே.

4 முதல் 6 வரை: காலை வெயில் இரண்டு மணி நேரம். ஆறாம் நாள் டப் தண்ணீரை முழுவதும் குளத்துத் தண்ணீராக மாற்றுங்கள். இதில் ஒரு மறைமுக லாபம் உண்டு: குளத்தில் ஏதாவது கோளாறு இருந்தால் அதை டப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

7 முதல் 9 வரை: காலை வெயில் நான்கு மணி நேரம். இரவுக் காற்று 12 டிகிரிக்கு மேல் இருந்தால் வெளியிலேயே விடலாம்.

10 முதல் 12 வரை: பிற்பகல் வெயிலும் கொஞ்சம்.

இடையில் மேகமூட்டமாக மூன்று நாள் போனால் அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். செடி அந்த நாட்களில் எதையும் கற்றுக்கொள்வதில்லை. பழைய இலைகளில் சில இந்தக் கட்டத்தில் எப்படியும் போகும். பார்க்க வேண்டியது நடுவிலிருந்து வரும் புதிய இலையைத்தான். அது முன்னதைவிடக் குட்டையாக, தடிப்பாக, அடர்பச்சையாக வந்தால் செடி வெயிலுக்குப் பழகிவிட்டது.

குளத்தில் விடும் நாள்

டப் தண்ணீருக்கும் குளத்துத் தண்ணீருக்கும் 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். மாலையில், வெயில் சாய்ந்தபின் விடுங்கள். வேரில் உரம் ஒட்டியிருந்தால் ஒருமுறை அலசிவிடுங்கள். அமோனியம் கலந்த உரம் மீனுக்கு ஆகாது. நடுக்குருத்து தண்ணீருக்கு மேலே இருக்கும்படி, வேர் கீழே தொங்கும்படி மெல்ல மிதக்கவிடுங்கள். நான்கைந்து நாளுக்கு மேலே 50 சதவீத நிழல்வலையை வளைகம்பிகளில் கட்டி வைத்தால் இன்னும் நல்லது.

இடம் தேர்ந்தெடுக்கும்போது அருவிக்கும் நீரூற்றுக்கும் தள்ளிப்போங்கள். ஆகாயத்தாமரையின் இலையில் ஓயாமல் தண்ணீர் தெறித்தால் நடு அழுகும். மேற்பரப்புக் குப்பையை உறிஞ்சும் ஸ்கிம்மர் இருந்தால் அது செடியை இழுத்து வாயில் அடைத்துக்கொள்ளும், பம்ப் வறண்டு ஓடும்.

மீன் இல்லாத குளத்தில் இதோடு வேலை முடிந்தது. கோய், தங்கமீன் இருந்தால் வேர் தப்பாது. வசந்தத்தில் பசியோடு எழும் மீனுக்குப் புது வேர் விருந்து. வேரில்லாத செடி குடைசாய்ந்து, இலை நனைந்து அழுகும். இதற்கு மிதவை வளையம் கட்டலாம். 20 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் ஒரு மீட்டர் நீளத் துண்டுகள் நான்கு, எல்போ நான்கு, ஒட்டும் பசை. சதுரமாக ஒட்டி ஒருநாள் காயவிட்டு, நன்றாகக் கழுவி, முதலில் டப்பிலோ தொட்டியிலோ மிதக்கவிட்டுப் பாருங்கள்; ஒரு மூட்டு கசிந்தாலும் வளையம் ஒருபக்கம் மூழ்கும். பிறகு 6 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள பிளாஸ்டிக் வலையை 25 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கூடைபோல் கேபிள் டையால் கட்டுங்கள். பெரிய கண் வலையில் மீன்குஞ்சு சிக்கிச் சாகும். வளையத்தைக் கரையில் ஒரு கயிற்றால் கட்டி வைத்தால் காற்று தள்ளாது; குளிர் திரும்பினால் மொத்தமாக இழுத்தெடுக்கவும் வசதி.

மீனுக்கு உப்பு வைத்தியம் நடக்கும் காலமும் வசந்தம்தான் என்பதை மறக்காதீர்கள். லிட்டருக்கு 3 கிராம் உப்பு மீனுக்கு மருந்து, மிதவைச் செடிக்கு விஷம். இலை விளிம்பு கருகும். உப்பு போட்டிருந்தால், தண்ணீர் மாற்றி அளவு இறங்கும்வரை செடி டப்பிலேயே இருக்கட்டும். உப்பு ஆவியாகாது, தண்ணீரை மாற்றினால்தான் குறையும்.

எத்தனை செடி?

3 மீட்டருக்கு 2 மீட்டர் குளத்தின் பரப்பு 6 சதுர மீட்டர். தொடக்கத்தில் அதில் 5 சதவீதம் மூடினால் போதும்: 0.3 சதுர மீட்டர். 15 சென்டிமீட்டர் அகலச் செடி என்றால் பதின்மூன்று, பதினான்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானால் ஆறாவது வாரம் 40 சதவீதம், எட்டாவது வாரம் 80. ஐம்பது, அறுபது சதவீதத்துக்கு மேல் விடக் கூடாது என்பதால், இரண்டாம் மாதத்திலேயே வாரிக் குறைக்கும் வேலை வந்துவிடும். முழுதும் மூடினால் காற்றும் தண்ணீரும் உரசும் இடம் இல்லாமல் போய், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

கையில் இருப்பதில் கால் பங்கை டப்பிலேயே நிறுத்தி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவதுதான் இந்த விஷயத்தில் செய்யக்கூடிய பெரிய தவறு.

விட்டபின் என்ன நடக்கும்

ஏழு முதல் பத்து நாள் செடி சும்மா கிடக்கும். பயப்பட வேண்டாம், வேர் நுனி புதிதாக நீள்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகும் சரியில்லை என்றால் அறிகுறியைக் கவனியுங்கள்.

இலை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்து தொய்ந்தால் குளிர். வெள்ளைத் திட்டு விழுந்து காய்ந்தால் வெயில். நிழல்வலையை மீண்டும் போடுங்கள். இலை சுருண்டு பிசுபிசுத்தால் அசுவினி.

மஞ்சளாவதில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. பழைய இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்து இல்லை. தண்ணீர் மாற்றிய புதிய குளத்திலும், மீன் குறைந்த குளத்திலும் இது சகஜம். வேர் நீண்டு கருநீலமாகியிருந்தால் பட்டினி என்பது உறுதி. மீன் இல்லாத குளமென்றால் கொஞ்சம் உரம் போடலாம். மீன் இருந்தால் செடிகளை டப்புக்கு எடுத்து இரண்டு நாள் உரத் தண்ணீரில் வைத்து, அலசித் திருப்பி விடலாம். மாறாக, புதிய இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. பி.எச். 8ஐ ஒட்டிய கடினத் தண்ணீரில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைக்காது. செடி உறிஞ்சும் வடிவில் விற்கும் கிலேட்டட் இரும்பைப் பொட்டல அளவில் போட்டால், அடுத்து வரும் இலை பச்சையாக வரும். ஏற்கெனவே வெளுத்த இலை முழுதாகத் தேறும் என்று காத்திருக்க வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஓர் இரவு 4 டிகிரி என்று அறிவிப்பு வந்தால், வளையத்தைக் கரைக்கு இழுத்துச் செடிகளை டப்பில் போட்டு ஷெட்டுக்குள் வைத்துவிடுங்கள். இருட்டில் ஓரிரண்டு நாள் இருந்தால் ஒன்றும் ஆகாது. எடுக்க முடியாத அளவு இருந்தால், வளைகம்பிமேல் ஃப்ளீஸ் துணி போர்த்துங்கள். துணி இலையைத் தொடக் கூடாது, தொட்ட இடம் கருகும். மீனுக்குத் தனியாகக் காற்றுப் பம்ப் இருந்தால் அருவியை அன்றிரவு நிறுத்திவிடலாம். குளிர்காற்றில் விழுந்து விழுந்து தண்ணீர் சீக்கிரம் ஆறுகிறது.

பனி பட்டு இலை கறுத்துப்போன வெங்காயத்தாமரையை உடனே எறிய வேண்டாம். கறுத்ததை வெட்டிவிட்டு, தண்ணீருக்குள் இருக்கும் தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் 22 டிகிரி டப்பில் இரண்டு வாரம் வைத்தால் துளிர்க்கும். ஆகாயத்தாமரையில் அந்த நம்பிக்கை குறைவு.

குளத்துச் செடிகளில் இரண்டாவது தலைமுறைச் சேய்கள் வந்ததும், டப்பில் நிறுத்தி வைத்த கால் பங்கையும் விடலாம். தேவைப்படாததையும், பிறகு வாரி எடுப்பதையும் சாக்கடையிலோ ஓடையிலோ போடாமல், காய்ந்த தரையில் பரப்பி மொறுமொறுவென்று உலர்ந்தபின் உரக்குழியில் சேர்த்துவிடுங்கள்.